உன் இரண்டாம் அத்தியாயத்தில் இல்லாதவர்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை, மாடி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள், என்னமோ படியை நான்தான் கட்டினமாதிரி. உன் புத்தகம் வந்து சேர்ந்தது. நீ எழுதுகிற மொழி எனக்கு அரைகுறை, அதனால் பைண்டிங் வேலைப் பழக்கதோஷத்தில் முதலில் புத்தகத்தின் முதுகைத்தான் பிரித்துப் பார்த்தேன். வெறும் பசைதான், தையல் கிடையாது, நாலு பேர் கை மாறினால் தாள் தாளாகக் கழன்றுவிடும், பதிப்பகத்தாரிடம் சொல்லு. அம்மா அதை வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி டிவிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருக்கிறாள்.

போன மாதம் நூலகத்தில் வாசகர் கூட்டம் நடந்தது. மேல்வீட்டில் இருக்கும் கல்லூரி ஆசிரியர், தத்துவம் நடத்துகிறவர், உன் இரண்டாம் அத்தியாயத்தை நம் மொழியில் பெயர்த்து எழுதிவந்து வாசித்தார். "இவரோட பொண்ணு எழுதினதுங்க" என்று என்னை எழுப்பி நிறுத்தினார், எல்லாரும் கைதட்டினார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. அதிகாரத்துக்கு முன்னால் மனிதர்கள் ஏன் வாயடைத்துப் போகிறார்கள் என்று ஆரம்பித்திருந்தாய், எனக்கே புரிந்தது. அப்புறம் ஓர் அச்சகம் வந்தது. அச்சடித்த தாள்களை, அதாவது பாரங்களை, வரிசை மாற்றி அடுக்கிவிட்டான் என்று ஒரு பைண்டரை சூப்பர்வைசர் கன்னத்தில் அறைகிறான், அடி வாங்கினவனே மன்னிப்பும் கேட்கிறான், சுற்றி இருந்த யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, அந்த மௌனத்தில்தான் அதிகாரம் குடியிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். பெயர் போடாமல் "எனக்குத் தெரிந்த ஒரு தொழிலாளி" என்றுதான் போட்டிருக்கிறாய், ஆனால் அந்த அறை மறுபடியும் என் கன்னத்தில் விழுந்தது. ஆசிரியர் சும்மா இல்லாமல், நீங்களும் அச்சகத்தில் இருந்தவராச்சே, என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார். நான் எழுந்து, "அவன் முதுகெலும்பு இல்லாத ஆளுங்க, நான் வேலை பார்த்த இடத்துல அப்படி ஒருத்தனும் கிடையாது" என்று சொன்னேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கடைசி வரிசையில் வெடி அக்கா உட்கார்ந்திருந்தாள். மடிப்புப் பிரிவில் என்னோடு வேலை பார்த்தவள், அவள் சிரித்தால் மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும், அதனால்தான் அந்தப் பெயர். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. வெளியே சைக்கிளை எடுக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள். "அறை வாங்கினது நீ. மறுநாள் வேலையை நிறுத்தினது நாங்க. உம் பொண்ணு புத்தகத்துல நாங்க எங்கய்யா போனோம்?" என்றாள். நான் சைக்கிள் பூட்டையே திருகிக்கொண்டிருந்தேன்.

உன் பேராசிரியர் எல்லார் முன்னாலும் உன் கட்டுரையைக் கிழித்துப் பேசினார் என்று நீ போனில் அழுதாயே, அன்றைக்குத்தான் உன்னைத் தேற்ற அந்த அறையைப் பற்றிச் சொன்னேன். மிச்சத்தைச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் மடிப்புப் பிரிவுப் பெண்கள் எல்லாரும் பாரங்களை முன்னால் வைத்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். "அவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க, அப்புறம் மடிக்கிறோம்" என்று வெடி அக்கா சூப்பர்வைசரிடம் சொன்னாள். மடிக்காமல் தைக்க முடியாது, தைக்காமல் வெட்ட முடியாது, மத்தியானத்துக்குள் அச்சகமே நின்றுபோயிற்று, கடைசியில் சூப்பர்வைசர் என் முன்னால் வந்து மன்னிப்புக் கேட்டான். எனக்காகப் பெண்பிள்ளைகள் பேச வேண்டியதாயிற்றே என்று அன்றைக்கு வெட்கப்பட்டேன், அதனால் அம்மாவிடம்கூட மூச்சுவிடவில்லை. இன்றைக்கு அந்த வெட்கத்தை நினைத்துத்தான் வெட்கமாக இருக்கிறது. ஒரு வார்த்தை என்னைக் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாமே என்று உன்மேலும் வருத்தம்தான், இல்லை என்றால் பொய். ஆனால் நீ கேட்டிருந்தாலும் நான் முழுசாகச் சொல்லியிருப்பேனா, தெரியவில்லை.

நேற்று இந்த மாதக் கூட்டம். ஆசிரியர் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே எழுந்து, அந்த முதுகெலும்பு இல்லாத ஆள் நான்தான் என்று சொன்னேன். குரல் எழும்பவில்லை. பின்னாலிருந்து வெடி அக்கா, "கேக்கல, சத்தமா சொல்லுங்க" என்றாள். இரண்டாம் தடவை சத்தமாகவே சொன்னேன். மடிப்புப் பிரிவைப் பற்றியும் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை, அதுவும் நல்லதுதான். ஆசிரியர் மட்டும், அப்படியென்றால் அத்தியாயத்தின் வாதமே மாறுகிறதே, எழுதினவருக்குத் தெரிய வேண்டாமா என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள், அந்த அக்காவை ஒருநாள் சாப்பிடக் கூப்பிடுங்கள் என்றாள்.

அடுத்த பதிப்பு வந்தால் அதைத் திருத்து, இல்லாவிட்டால் ஏதாவது ஒரு பத்திரிகையிலாவது எழுது. நீ எழுதியதே தப்பு என்று சொல்ல வரவில்லை, பாதியில் நிற்கிறது, அவ்வளவுதான். கண்ணாடியை மாற்று, போட்டோவில் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாய். குளிரில் தலைக்குக் கட்டாமல் வெளியே போகாதே. நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க எங்கள் இருவருடைய ஆசீர்வாதம். மறக்காமல் ஒன்று செய், வெடி அக்காவின் நம்பரைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், அவளுக்குப் போன் போட்டுக் கேள். யார் யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் முதலில் கையைக் கட்டினார்கள், எல்லாம் அவளுக்குத்தான் தெரியும். என்னிடம் கேட்டால் மறுபடியும் என் கன்னத்தைப் பற்றித்தான் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா