மறைப்புக்கு ஓர் ஆள்

அக்டோபர் 11, சனி

காலையில் மூடுபனி. தூறல் இல்லை. மாதவிலக்கு இரண்டாம் நாள், போக்கு அதிகம். ஓடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே காந்தல் முக்குக்கு வந்தேன். அங்கே பார்த்தால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தேன். லவ்டேல் வழியாகக் கேத்திப் பக்கம், பதினாறு கி.மீ. நவம்பர் பந்தயத்துக்கு இருபத்தொன்று ஓட வேண்டும்.

கடைசி ஏற்றம் நன்றாகவே ஏறினேன். மேலே, தேயிலைத் தோட்டத்து வளைவில் சட்டென்று நின்று கைக்கடிகாரத்தை அமுக்கியது ஞாபகம் இருக்கிறது. காதில் இரைச்சல். பச்சையெல்லாம் வெள்ளை. பிறகு கன்னத்தில் ஈர மண்.

கண் திறந்தபோது என் கால்கள் ஒரு பெண்ணின் மடிமேல். இலை பறிக்க வந்தவர், பெயர் செல்வி. முதுகில் பாதி நிறைந்த பை. சுற்றிலும் இன்னும் இரண்டு மூன்று பேர்.

"ஏனுங்க, விசேஷமுங்களா?" என்றாள் ஒருத்தி.

எனக்கு நாற்பத்தேழு.

"இந்த வயசுல விசேஷம்னா பேப்பர்ல போடோணும்டி" என்றாள் இன்னொருத்தி. அந்தப் பேப்பரின் மாவட்ட நிருபர் நான்தான் என்று சொல்லவில்லை.

செல்வி குனிந்து காதருகே, "ஊட்டுக்குத் தூரமுங்களா?" என்றார். தலையசைத்தேன். தன் ஸ்வெட்டரைக் கழற்றி என் இடுப்பைச் சுற்றிக் கட்டினார். உடையில் கறை பட்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது.

"ஊட்டுக்காரருக்குப் போன் போடட்டுங்களா?"

"இல்லைங்க."

"புள்ளைங்க?"

"இல்லைங்க."

"அப்ப யாருக்குத்தானுங்கக்கா போடறது?"

என் போன் அவர் கையில். அதில் இல்லாத பெயர் இல்லை. கலெக்டரின் பி.ஏ., தீயணைப்பு, ரேஞ்சர், நாலு கட்சிக்காரர்கள், பிரேத பரிசோதனை அறைக் காவலாளி. யோசித்துப் பார்த்தேன். "ஆட்டோவுக்கு" என்றேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

நாள் முழுக்க மழை. கஞ்சி. ஊறுகாய் தீர்ந்துவிட்டது.

கோவையிலிருந்து தங்கை சுபா, வழக்கமான ஞாயிற்றுக்கிழமை போன். "ஓடுனியாக்கா?" ஓடினேன். "நல்லா இருக்கியா?" இருக்கேன். இரண்டிலும் தகவல் பிழை இல்லை.

குளிக்கும்போது தாழ்ப்பாள் போடவில்லை. விழுந்துவிட்டால் கதவை உடைக்க வேண்டியிருக்காதே என்று. தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது தோன்றியது, உடைக்க யார் வருவார்கள்? வாசல் கதவை உள்ளே பூட்டியிருக்கிறேன். திங்கள் மதியம் அனுப்ப வேண்டிய செய்தி வரவில்லை என்று ஆபீஸில் கேட்பார்கள். அதுவும் மாலைக்கு மேல்தான்.

செல்வியின் ஸ்வெட்டரைத் துவைத்தேன். அரக்கு நிறம். கறை போய்விட்டது. மழையில் காயவில்லை. ஹீட்டர் பக்கத்து நாற்காலியில் போட்டிருக்கிறேன், யாரோ உட்கார்ந்திருப்பது போல.

அக்டோபர் 13, திங்கள்

ஆஸ்பத்திரி. பெண் டாக்டர், சின்ன வயது.

"ஓடும்போது தண்ணி எவ்வளவு குடிச்சீங்க?"

"குடிக்கல."

"அதுக்கு முன்னாடி?"

"எழுந்ததும் ஒரு மடக்கு."

"மேடம், ஒட்டகம் கூட இதைவிடக் குடிக்கும்."

எனக்கே அங்கேதான் உறைத்தது. வெளியே செய்திக்குப் போவதென்றால் முந்தைய மாலையே தண்ணீரைக் குறைத்துவிடுவது பழக்கம். மண்சரிவு, யானை, தேர்தல், மந்திரி வருகை. எங்கும் ஒதுங்க இடம் இருக்காது. போட்டோகிராபர்கள் ஜீப்பை எந்த வளைவிலும் நிறுத்தி இறங்குவார்கள். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குறிப்பெடுப்பேன். மாதவிலக்கு நாட்களில் காபி கூடக் கிடையாது. வேலைக்காகப் பழகியது. ஓட்டத்துக்கும் உடம்பு அதையே கொண்டுபோயிருக்கிறது, என்னைக் கேட்காமல்.

குறித்துக்கொண்டவை: ரத்தம் குறைவு. இரும்புச்சத்து மாத்திரை. இந்த வயதில் இவ்வளவு போக்கு ஏன் என்று பார்க்க ஸ்கேன். ஓடி முடித்ததும் அப்படியே நிற்கக் கூடாது, ரத்தம் காலிலேயே தங்கிவிடும். மெல்ல நடந்து ஓய வேண்டும். தலை சுற்றினால் உடனே படுத்துவிடுவது.

"கூட யார் வந்திருக்காங்க?"

"தனியாத்தான்."

"ஓடறதும்?"

"அதுவும்."

நவம்பர் வேண்டாம் என்றார். சரி என்றேன். வெளியே வந்து மருந்துக் கடை வரிசையில் நிற்கும்போது கண் கலங்கியது. பந்தயத்துக்காக இல்லை. அந்த ஓட்டம் ஒன்றுதான் யாரும் அனுப்பாமல் நானாகப் போகிற இடம்.

அக்டோபர் 15, புதன்

வெயில். எஸ்டேட் போனஸ் செய்தி அனுப்பினேன். பாதி வெட்டிவிட்டார்கள். மாத்திரையால் வாயில் ஆணியைச் சப்பிய ருசி. தண்ணீர் பாட்டில் வாங்கினேன், நீலம். ஸ்வெட்டருக்கு ஒரு பட்டன் இல்லை. என் பழைய கோட்டிலிருந்து எடுத்துத் தைத்தேன். நிறம் கொஞ்சம் வேறு.

இரவு சுபாவைக் கூப்பிட்டேன். புதன்கிழமை கூப்பிட்டதால் பயந்துவிட்டாள். "என்னாச்சுக்கா?" விழுந்ததைச் சொன்னேன். "ஞாயித்துக்கிழம கேட்டனே" என்றாள்.

அக்டோபர் 18, சனி

லேசான மூட்டம். லவ்டேல் வரை பஸ், அங்கிருந்து நடை. ஓடவில்லை. பாட்டில் முழுவதும் குடித்தேன், டாக்டர் சொன்னபடி.

அதே வளைவு. "விசேஷக்கா வந்தாச்சு!" என்று ஒருத்தி கத்த, செடிகளுக்குள்ளிருந்து தலைகள்.

செல்வி ஸ்வெட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பட்டன் வெச்சிருக்கறீங்க! ரெண்டு வருஷமா இல்லாமயே போட்டுட்டிருந்தனுங்க."

இங்கே தண்ணீர் குடிப்பீர்களா என்று கேட்டேன்.

"ரெண்டு பேரா இருந்தா குடிப்பமுங்க. ஒருத்தி ஒதுங்குனா இன்னொருத்தி மறைப்புக்கு நிப்பா. ஒத்தையா நிக்கற அன்னிக்குத் தொண்ட காய வேண்டியதுதான்."

நானும் அப்படித்தான் என்றேன். எத்தனை வருஷமாக என்று சொல்லவில்லை. அதற்குள் பாட்டில் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. பழக்கத்தில் மனம் கணக்குப் போட்டது. லவ்டேல், பஸ், காந்தல், வீட்டு மாடிப்படி. அடக்கிவிடலாம்.

"என்னங்கக்கா, கால மாத்தி மாத்தி நிக்கறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும். "வாங்க" என்று கையைப் பிடித்துச் சரிவில் இறக்கினார். சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் ஒரு பள்ளம். செல்வி எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று ஸ்வெட்டரை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தார்.

மேலே ரோட்டில் ஒரு ஜீப் வேகம் குறைந்தது. "என்ன செல்வி, துணி காயப் போடறியா?"

"ஆமா, உன்னையும் சேத்துப் போடட்டுமா? போடா பேசாம!"

ஜீப் போனது. நான் அவசரப்பட்டேன் போல. செருப்புச் சத்தம் கேட்டிருக்கும்.

"மெதுவா வாங்கக்கா," என்றார் திரும்பாமலே. "நான் நிக்கறேன்."