இருபது வருஷத்துக்கு ஒரு ஃப்ரேம்

மார்ச் 3, செவ்வாய்

சாப்பாட்டு மேசை முழுக்க சைக்கிள் படங்கள். தட்டு வைக்க இடமில்லை. இவர் நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஸ்டீல் ஃப்ரேம் ஒருவழியாக முடிவாகப் போகிறது. கடையில் தொங்குவதை வாங்கி வருவது இல்லையாம். உடம்பை அளந்து, அதற்கேற்பக் குழாய்களை வெட்டி, அவருக்கென்றே பற்றவைத்துத் தருவார்களாம்.

"அலுமினியம் சொல்லாம கொள்ளாம முறியும். ஸ்டீல் வளைஞ்சு கொடுக்கும். அடிபட்டாலும் சரி பண்ணிக்கலாம். இருபது வருஷத்துக்குக் கவலையே இல்ல, பாரு."

ஐம்பத்தொரு வயதில் இருபது வருடத்துக்குத் திட்டம். பேசிக்கொண்டே கையை வீசினார். இடப்பக்கம் இருந்த தண்ணீர் டம்ளர் கவிழ்ந்து படமெல்லாம் நனைந்தது. "இதை யார் இங்க வச்சது?" என்றார். அவரேதான் வைத்தார். இந்த வாரம் இது முதல் தடவையும் இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

ஃப்ரேம் செய்பவரின் பட்டறைக்குப் போனோம். முப்பத்தைந்து வயதிருக்கும். முன்கையெல்லாம் பொட்டுப் பொட்டாகத் தீப்புண் தழும்பு. இவரைச் சுவரோரம் நிற்கவைத்து கால், கை, தோள் எல்லாம் அளந்தார். இவர் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார்.

"மூச்சை விடுங்க சார். வயித்தோடதானே ஓட்டப் போறீங்க? குனிஞ்சு ஓட்டுவீங்களா, நிமிர்ந்தா?"

"குனிஞ்சுதான்."

"அறுபது வயசுலயும்?"

"எழுபதுலயும்!"

ரொம்ப நாளைக்கப்புறம் இப்படிச் சிரிக்கிறார். கிளம்பும்போது வாசலோரம் நிறுத்தியிருந்த இரும்புத் தாங்கியில் தோள் மோதி, மாட்டியிருந்த சக்கரங்கள் கடகடவென்று விழுந்தன. ஆள் உயரத் தாங்கி. ஃப்ரேம்காரர் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் குனிந்து செருப்பைச் சரிசெய்வது போல நின்றேன்.

மார்ச் 9, திங்கள்

மருந்துக்கடை கவுண்டரில் எனக்கு இது பன்னிரண்டாவது வருடம். கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து வாங்க வருகிறவர்களைச் சீட்டைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். பக்கத்தில் நிற்பவர் காலை மிதித்துவிட்டுத் திடுக்கிடுவார்கள். இன்று வந்த பெரியவரிடம், எப்போது கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"வலியே இல்லம்மா. நேரா பாத்தா எல்லாம் தெரியுது. பாதி போனப்புறம்தான் போனதே தெரிஞ்சுது."

இவருக்கும் வலி இல்லை. தலைவலிகூட இல்லை.

மார்ச் 12, வியாழன்

கண்ணைப் பற்றி இன்றும் கேட்கவில்லை. என்ன நிறம் அடிக்கலாம் என்று என்னைக் கேட்கிறார். எப்படிக் கேட்பேன்?

மார்ச் 15, ஞாயிறு

முழங்கை கிழிந்து ரத்தத்தோடு வந்தார். "வேன்காரன் இடிச்சுட்டுப் போயிட்டான்" என்றார். கழுவிக் கட்டுப்போட்டேன். அவர் குளிக்கப் போன நேரத்தில், ஞாயிறுதோறும் கூட ஓட்டுகிற பல் டாக்டர் போன் செய்தார்.

"அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. அந்த வேன் நின்னுட்டு இருந்துச்சு."

அதற்கு மேல் அடக்க முடியவில்லை. தலைகூடத் துவட்டவில்லை அவர், கேட்டுவிட்டேன்.

"கண்ணைக் காட்டிடலாம்ங்க."

"என் கண்ணுக்கு என்ன? எதிர்வீட்டு நம்பரைப் படிக்கட்டுமா?" படித்தார். எனக்கே கண்ணாடி போட்டால்தான் தெரியும் அந்த நம்பர்.

"நேரா தெரியும். பக்கத்துல?"

பக்கத்தில் போய் நின்று கையைத் தூக்கினேன். "நேரா பாத்துக்கிட்டே சொல்லுங்க. எத்தனை விரல்?"

"எந்தக் கை?" என்றார்.

ஈரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

மார்ச் 17, செவ்வாய்

அவர் லிஃப்ட் மெக்கானிக். மாடி மாடியாகத் திறந்துகிடக்கும் குழியின் விளிம்பில் நிற்கிற வேலை. லீவு போடுங்க என்றால், "என்னை முடமாக்காதே" என்று கத்திவிட்டுப் போனார். கடையில் எனக்கு எதுவும் ஓடவில்லை. என்ன காய் வாங்கட்டும், சாவி எங்கே, என்று சாக்குச் சொல்லிச் சொல்லிப் போன் செய்தேன். கடைசியில் அவரே, "இன்னும் கீழதான் இருக்கேன், உயிரோட இருக்கேன், போனை வை" என்றார். பிறகு மெதுவாக, "வெள்ளிக்கிழமை போலாம்" என்றார்.

மார்ச் 20, வெள்ளி

கண் ஆஸ்பத்திரி. இருட்டறையில் வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். ஆங்காங்கே சின்ன வெளிச்சம் வரும். தெரிந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். நான் கதவுக்கு வெளியே. டிக், டிக் என்று கேட்டது. அப்புறம் நீளமாக ஒன்றுமே கேட்கவில்லை. அமுக்குங்களேன், அமுக்குங்களேன் என்று மனசு அடித்துக்கொண்டது.

"கண் அழுத்தம்தான். போனது போனதுதான். மிச்சத்தைக் காப்பாத்தலாம்" என்றார் டாக்டர். "சொட்டு மருந்தை ஒரு நாள்கூட விடக் கூடாது. கூடப் பிறந்தவங்களையும் பாக்கச் சொல்லுங்க."

"சைக்கிள்?" இவர்தான் கேட்டார்.

"ரோட்டுலயா? வேண்டாம்."

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரேம்காரருக்கு அவரே போன் போட்டார். "குழாய் வெட்டிட்டீங்களா? இன்னும் இல்லையா? நல்லது. வெட்டாதீங்க." அவ்வளவுதான் பேசினார். குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். வாளி நிரம்பி வழியும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் தட்டவில்லை.

ஏப்ரல் 4, சனி

கம்பெனியில் இவரைப் புகார் வாங்கும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். நாள் முழுக்க போன். வீட்டுக்கு வந்தால் வாயே திறப்பதில்லை. மாலையில் நாத்தனார் வந்தாள். அவளுக்கும் ஆரம்பமாம். "இப்பவே பாத்ததால தப்பிச்சேன் அண்ணி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் போன பிறகு ஃப்ரேம்காரர் என்னைப் போனில் கூப்பிட்டார். இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கிற சைக்கிள் ஒன்று பட்டறையில் சும்மா கிடக்கிறதாம், வந்து ஓட்டிப் பாருங்கள் என்றார். இவரிடம் சொன்னேன்.

"பின்னாடி மூட்டை மாதிரி வரணுமா? முன்னாடி யாரு?"

"நான்தான்."

"நீயா! பஸ் வந்தா இறங்கி ஓரமா தள்ளிக்கிட்டுப் போற ஆளு!"

கோபமாகத்தான் சொன்னார். ஆனாலும் கிண்டல் கிண்டல்தானே. எத்தனை நாளாச்சு!

ஏப்ரல் 12, ஞாயிறு

பட்டறையை ஒட்டி, கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானம். ஏறியதுமே விழுந்தோம். மறுபடி ஏறி, மறுபடி விழுந்தோம். எனக்கு முட்டியில் சிராய்ப்பு.

"பிரேக் பிடிக்கறதைச் சொல்லிட்டுப் பிடி!"

"நீங்க சொல்லிட்டு மிதிங்க!"

ஃப்ரேம்காரர் சுவர்மேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். இவர் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குள் விறுவிறுவென்று போய்விட்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். உள்ளே போனால் ஃப்ரேமைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். "ரெண்டு பேர் எடைக்கு இந்தக் கீழ்க்குழாய் பத்தாது. மிதிக்கும்போது நடுவுல முறுக்குது. ஸ்டீல்ல இன்னும் தடிமனாப் போட்டா?"

"போடலாம் சார்." ஃப்ரேம்காரர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "அக்கா, சுவரோரம் நில்லுங்க."

ஏப்ரல் 13, திங்கள்

நேற்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேனே, எனக்கென்ன பைத்தியமா? டாக்டரைக் கேட்டேன், பின்னால் உட்காருவதானால் தாராளமாகப் போகலாம் என்கிறார். அவருக்கென்ன! குழியில் விட்டால்? லாரிக்கு அடியில் விட்டால்? இருக்கிற கண்ணையும் உயிரையும் என்னை நம்பிக் கொடுத்துவிட்டு மனுஷர் நிறம் தேடிக்கொண்டிருக்கிறார். கரும்பச்சையாம்.

மே 30, சனி

வேலைக்குப் பிறகு தினமும் மைதானத்தில் பழகுகிறோம். விழுவது நின்றுவிட்டது. சண்டை நிற்கவில்லை.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

ஃப்ரேம் வந்து ஒரு வாரமாகிறது. இன்று முதல் தடவையாகப் பெரிய சாலைக்கு இறங்கினோம். பள்ளம், வேகத்தடை, இடது திருப்பம் என்று நான் சொல்லிக்கொண்டே போக, இவர் பின்னால் பாடிக்கொண்டு வந்தார். சுருதி சேரவே இல்லை. திரும்பி ஒரு முறை முறைக்கலாம் என்றால் முடியாது, சாலையைப் பார்க்க வேண்டுமே.

பாலத்தின் மேல் ஒரு லாரி உரசுகிற மாதிரி கடந்தது. ஹேண்டில் ஒரு பக்கம் இழுத்தது. விழவில்லை. ஆனால் கால் ஓய்ந்துவிட்டது. பெடல்கள் எல்லாம் ஒரே செயினில் இணைந்தவை. நான் மிதிக்காவிட்டால் அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

பாட்டை நிறுத்திவிட்டு, "லாரி போயிடுச்சா?" என்றார்.

"போயிடுச்சு."

"அப்புறம் எதுக்கு நான் மட்டும் மிதிக்கறேன்?"

மிதித்தேன்.