பழைய ஏணி விற்பனைக்கு

மார்ச் 2, சனி

காலையில் வழக்கம்போல் வரி விளம்பரப் பக்கம் வாசித்தேன். இவர் எதிரே கண்ணை மூடிக்கொண்டு, தேநீரை ஆறவிட்டு, பாட்டுக் கேட்பதுபோல் கேட்கிறார். உள்ளூர்ப் பத்திரிகையில் மற்ற பக்கம் எதுவும் இவருக்கு வேண்டாம். யார் கட்டில் விற்கிறார்கள், யாருக்குச் சமையல் ஆள் தேவை, யார் வீட்டுப் பூனையைக் காணோம் - இவருக்கு அதுதான் செய்தி.

இந்த வீட்டுச் சாமானில் பாதி அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான். சாப்பாட்டு மேஜை, இஷ்டத்துக்கு மணி அடிக்கும் சுவர்க் கடிகாரம், ஏன், வாசலில் நிற்கும் வேன்கூட. குழாய் ரிப்பேர்காரரையும் அதில்தான் பிடித்தோம். ‘கூப்பிட்டதும் வருவோம்’ என்று போட்டிருந்தார். கூப்பிட்டதும் வந்ததேயில்லை. வந்தால் லேசில் கிளம்புவதும் இல்லை.

முன்பெல்லாம் இவர் வாசிப்பார், நான் கேட்பேன். இப்போது பொடி எழுத்து கலங்குகிறதாம். ஓரப் பார்வை சுத்தமாகப் போய்விட்டது. இனி வண்டியே ஓட்டக்கூடாது என்று கண் டாக்டர் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. இத்தனை வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய மனுஷன். தெருவில் போனால் ‘வேன் மாமா’ என்று நாலு பக்கமிருந்தும் குரல் வரும். 

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எல்லாவற்றையும் வாசிப்பதில்லை. இன்று ‘லவ் பேர்ட்ஸ் ஜோடி, கூண்டுடன்’ என்று ஒன்று இருந்தது. வாசித்தால் சாயங்காலமே வீட்டில் கீச்கீச். முழுங்கிவிட்டேன். என் தொண்டைக்குள் ஏற்கெனவே ஒரு தையல் மெஷின், இரண்டு மீன் தொட்டி, ஓர் ஊஞ்சல் எல்லாம் கிடக்கின்றன.

மார்ச் 5, செவ்வாய்

தினமும் வேனைத் துடைக்கிறார். துடைக்கட்டும். இன்று என்ஜின் சத்தம் கேட்டு ஓடினேன். “சும்மா நின்னா பேட்டரி இறங்கிடும்” என்றார். துணியும் கையுமாக டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த முகத்தைப் பார்த்தால் திட்டவும் மனசு வரவில்லை.

மார்ச் 7, வியாழன்

திட்டியிருக்க வேண்டும். அன்றைக்கே திட்டியிருக்க வேண்டும்.

நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கிலிருந்து திரும்பியதும் எதிர்வீட்டம்மா கேட்டருகே என்னை நிறுத்தினாள். மதியம் இவர் வேனை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போயிருக்கிறார். திரும்பி வரும்போது அவள் பெண் சைக்கிளில் குறுக்கே வந்திருக்கிறாள். மயிரிழையில் தப்பியது. பயத்தில் சைக்கிளோடு விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். “அண்ணன் மேல கோபமெல்லாம் இல்லக்கா. ஆனா பயமா இருக்கு” என்றாள். 

இவரிடம் கேட்டால், ஒரு சுற்றுதான் போனேன் என்கிறார். அந்தப் பெண்ணைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தா? அதுக்கப்புறம் இவர் இருப்பாரா? நான் இருப்பேனா? விற்றுவிடலாம் என்று எத்தனை தடவை கேட்டாயிற்று. “அது பாட்டுக்கு நிக்கட்டும்” என்பதே பதில். நிற்கவில்லையே! வேன் இந்த வாசலில் இருக்கும்வரை கிளினிக்கில் எனக்கு இருப்புக் கொள்ளாது.

மார்ச் 8, வெள்ளி

செய்துவிட்டேன். மத்தியானம் பல் டாக்டர் சாப்பிடப் போன நேரத்தில் பத்திரிகை ஆபீசுக்குப் போன் போட்டேன். விளம்பர மேஜையில் எப்போதும் அதே அம்மாள்தான். முகம் பார்த்ததில்லை, ஆனால் குரல் தெரியும். ‘நன்கு பராமரிக்கப்பட்ட’ என்று ஆரம்பித்தேன். அதை எடுத்துவிடச் சொன்னாள். எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள், படிக்கிறவர்களுக்குச் சலித்துவிட்டது, ‘ஒரே டிரைவர் ஓட்டியது’ என்று போட்டால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்றாள்.  சரி என்றேன். பெயர் வேண்டாம், நம்பர் மட்டும் போதும் என்றேன். நம்பரையும் சொன்னேன். விற்கும்வரை வாராவாரம் வரும்.

அதற்குள் பல் பிடுங்க ஒருவர் வந்துவிட்டார். அவரைவிட என் முகம்தான் வெளுத்திருந்ததாம். நர்ஸ் சொன்னாள்.

மார்ச் 9, சனி

ஐயோ, இன்று நான் பட்ட பாடு.

‘வாகனம்’ என்ற தலைப்புக்கு வந்தேன். நம் வேன் முதலாவதாக நிற்கிறது. இவர் கண்ணை மூடிக் காத்திருக்கிறார். அதை விட்டால் வேறு எதுவும் அங்கே இல்லை. வாகனமே இல்லை என்றால் சந்தேகம் வரும். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: “பழைய ஏணி விற்பனைக்கு.” ஏணியை எந்த ஊரில் வாகனத்தில் சேர்ப்பார்கள்? நல்லவேளை, அதை இவர் கேட்கவில்லை. கேட்டது வேறு. மர ஏணியா, இரும்பா? மரம் என்றேன். எத்தனை படி? போடவில்லை என்றேன். “நம்பரச் சொல்லு, போய்ப் பாக்கலாம். ரொம்ப நாளா ஒரு ஏணி இல்லாம கஷ்டமா இருக்கு.” நம்பர் சரியாக அச்சாகவில்லை என்று சொல்லிவிட்டு ரொட்டியைத் தீயவிட்டேன்.

இல்லாத ஏணியை இவர் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மார்ச் 13, புதன்

கைபேசியை மேஜையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு அழைப்பும் இல்லை. வேன் மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது. அதுவரை நிம்மதி.

இவர் ஆனால் தெளிவாகிவிட்டார். கலகலப்பாகப் பேசுகிறார், சட்டையை மாற்றுகிறார், சவரம் செய்கிறார். நான் உள்ளே நுழையும்போதெல்லாம் வீட்டுப் போனை வைத்துக்கொண்டிருக்கிறார். யாருங்க என்றால், பழைய டிரைவர் என்கிறார். இத்தனை டிரைவர்கள் இவ்வளவு நாள் எங்கே போயிருந்தார்கள்?

மார்ச் 16, சனி

மறுபடி முழுங்கினேன். இந்த முறை நல்லவேளையாக ஒரு மோட்டார் சைக்கிளும் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். இவர் கண்ணைத் திறக்காமலே, “ஏணி இன்னும் போகலியா?” என்றார். போய்விட்டது என்றேன்.

மார்ச் 20, புதன்

ஒரு போன்கூட இல்லை. அப்படி என்ன குறை நம் வேனுக்கு? எனக்கே ரோஷமாக இருக்கிறது.

மார்ச் 22, வெள்ளி

விலையைக் குறைத்துப் போடலாம் என்று விளம்பர அம்மாளைக் கூப்பிட்டேன். ஒருவரும் கூப்பிடவில்லை என்றதும் அவளால் நம்பவே முடியவில்லை. வேன் என்றால் முதல் நாளே பிய்த்துக்கொண்டு போவார்களே என்றாள். “நம்பர் சரிதானே, பாத்துக்குங்க” என்று வாசித்தாள்.

எங்கள் வீட்டு நம்பர்.

பள்ளிக்கூடம், பாங்கு, ஆஸ்பத்திரி என்று எந்தத் தாளை நீட்டினாலும், எந்த ஜன்னலில் யார் கேட்டாலும், யோசிக்காமல் ஒப்பிக்கிற நம்பர். அன்றைக்கும் ஒப்பித்திருக்கிறேன். வீட்டில் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவர் யார்? இரண்டு வாரமாக.

டாக்டரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வந்தேன். கதவு திறந்தே கிடந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்து ஓரம் நின்றேன். போனில் பேசிக்கொண்டிருந்தார். “புள்ளைங்கள ஏத்துவீங்களா, மூட்டைய ஏத்துவீங்களா?... ஓ, சிமெண்டா... அது வித்துப்போச்சுங்களே.” வைத்தார். திரும்பாமலே கேட்டார்:

“வந்துட்டியா? ஏணி கிடைச்சுதா?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வெட்கத்துக்கும். வெட்கத்தை மறைக்கக் கோபத்தைத்தான் எடுத்தேன். அந்தப் பொண்ணு மேல ஏறியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க என்று கத்தினேன். இவர் கத்தவில்லை. அதுதான் தாங்கவில்லை.

“அவள நான் பாக்கவே இல்ல. மணிச் சத்தம்தான் கேட்டுச்சு. அன்னிக்கே பேட்டரியக் கழட்டி கட்டிலுக்கு அடியில வச்சிட்டேன். நீ கூட்டற லட்சணத்துக்கு இன்னும் அது கண்ணுல படல.”

போய்க் குனிந்து பார்த்தேன். இருந்தது. பழைய துண்டு சுற்றி.

அப்படியானால் ஏன் கூப்பிட்டவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினீர்கள் என்று கேட்டேன். விற்க மாட்டேன் என்று இல்லையாம். விற்பதென்றால் தானே விற்க வேண்டுமாம், ஆள் பார்த்து. அதற்கப்புறம் சொன்னார்:

“நீ வாசிக்கறத நம்பித்தானே நான் கண்ண மூடிட்டு உக்காந்திருக்கேன்.”

  அடுப்படிக்குப் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

மார்ச் 23, சனி

தேநீர் போட்டேன். பத்திரிகையைப் பிரித்து வைத்தேன். இவர் மேஜைக்கு வரவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

சண்டை போட்டாலாவது பரவாயில்லை. மரியாதையாகப் பேசுகிறார். ‘உப்பு சரியா இருக்கு’, ‘பரவால்ல, நானே எடுத்துக்கறேன்’. வீட்டில் விருந்தாளி தங்கினமாதிரி இருக்கிறது.

கடிகாரம் மட்டும்தான் இஷ்டத்துக்குக் கத்துகிறது.

மார்ச் 28, வியாழன்

இன்று என்னை லீவு போடச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. பத்து மணிக்கு ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும், கையில் டிரைவிங் லைசென்ஸ். போனில் இவர் வித்துப்போச்சு என்று சொல்லாத ஒரே ஆள் இவள்தானாம். ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்று நிறுத்தி வைத்து, நம்பரை மனப்பாடம் செய்து வைத்திருந்திருக்கிறார். பிள்ளைகளா, மூட்டையா என்று இவர் கேட்டதற்கு, “புள்ளைங்கதான் சார். ஆனா அதுங்க மூட்டையோடதானே வருதுங்க” என்றாளாம். அதிலேயே இவர் விழுந்துவிட்டார்.

பேட்டரியை இருவருமாகத் தூக்கிப் போய் மாட்டினார்கள். அவள் ஓட்ட உட்கார்ந்தாள். இவர் சுற்றிப் போய் வண்டியின் இடது பக்கமும் வலது பக்கமும் தடவி, பக்கத்து சீட்டில் ஏறினார். அந்த வேனில் இவர் அந்த சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. என்னைப் பின்னால் ஏறச் சொன்னார். பிள்ளைகள் உட்காரும் குட்டை சீட்டில் முழங்காலை மடித்து உட்கார்ந்தேன்.

வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். “ரெண்டாவது கியர் கொஞ்சம் முறைக்கும். அதட்டாத, மெதுவாப் போடு. கதவ ஒரு தடவை சாத்தினா நம்பாத. கடைசிப் புள்ள இறங்கினப்புறம் எல்லா சீட்டையும் திரும்பிப் பாரு, எவனாவது தூங்கிட்டிருப்பான்.” அவள் எல்லாவற்றுக்கும் சரி சார், சரி சார் என்றாள். எதிர்வீட்டுப் பெண் சைக்கிளில் வந்தபோது, ஓட்டியவள் தூரத்திலேயே பார்த்து வண்டியை நிறுத்தி வழிவிட்டாள். “யாரு?” என்று இவர் கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

மதியம் வேன் போய்விட்டது. இவர் முகம் கழுவ உள்ளே போனார். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. நான் துண்டோடு கதவுக்கு வெளியே நின்றேன். வெளியே வந்து வாங்கிக்கொண்டவர், துண்டை விடாமல் என் கையையும் சேர்த்துக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 30, சனி

தேநீர் போட்டு முடிப்பதற்குள் வந்து உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டார். “ம், வாசி.”

எல்லாவற்றையும் வாசித்தேன். மேலிருந்து கீழ்வரை, ஒரு கமா விடாமல். இரண்டாம் கை சோபா. டியூஷன். காணாமல் போன பூனை, அதுவும் மூன்றாவது வாரமாக. லவ் பேர்ட்ஸையும் வாசித்தேன், இன்னும் விற்கவில்லை. புருவம் ஒரு தடவை உயர்ந்தது, அவ்வளவுதான். கடைசியில் ‘ஆள் தேவை’க்கு வந்தேன்.

“வாசிக்க ஆள் தேவை. சனிதோறும், விளம்பரப் பக்கம் மட்டும். முழுதாக வாசிக்க வேண்டும். இப்போது இருப்பவர் நல்லவர், ஆனால் பாதியை முழுங்குகிறார். குரல் பழகிவிட்டதால் அவருக்கே முன்னுரிமை. தொடர்புக்கு...”

நம்பரில் பாதி வரைதான் வாசித்தேன். அச்சில் இருந்தது எங்கள் வீட்டு நம்பர். மீதியை வாசிக்க வேண்டியதில்லை, எனக்கு மனப்பாடம். இவர் கண்ணை மூடியபடியே இருந்தார். வாயோரம் மட்டும் ஆடியது.

எழுந்து அடுப்படிக்குப் போனேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்து அந்த நம்பரைப் போட்டேன். கூடத்தில் மணி அடித்தது. இவர் அவசரமே படவில்லை. அடிக்கவிட்டு, அடிக்கவிட்டு எடுத்தார்.

“சொல்லுங்க.”

“விளம்பரம் பாத்தேன். வேலை காலியா இருக்கா?”

“முன் அனுபவம்?”

“நெறைய. ஆனா எதையாவது முழுங்கிடுவேன்னு ஒரு கெட்ட பேரு.”

 சுவருக்கு அந்தப் பக்கமிருந்தும் போனிலிருந்தும் ஒரே நேரத்தில் குரல் வந்தது.

“அது பழைய கதை. வந்து சேருங்க. வரும்போது அந்த லவ் பேர்ட்ஸ் நம்பர இன்னொரு தடவை வாசிங்க.”

ஏப்ரல் 3, புதன்

பறவைகள் வந்துவிட்டன. ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். வாசலில் வேன் நின்ற இடத்துக்கு மேலே, உத்தரத்தில் கொக்கி போட்டுக் கூண்டைத் தொங்கவிட வேண்டும் என்கிறார். சத்தம் அங்கேதான் இருக்க வேண்டுமாம். கை எட்டவில்லை. இப்போதைக்கு நாற்காலியில் வைத்திருக்கிறோம்.

விளம்பர அம்மாளுக்குப் போன் போட்டேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். சனிக்கிழமை வரும்: ‘பழைய ஏணி தேவை. மரமாக இருந்தால் நல்லது.’ நம்பர் நம் வீட்டு நம்பர்தான்.