எதிர்ச்சுவரைக் காட்டிய ஆன்டெனா

செவ்வாய், ஆகஸ்ட் 1996

டேக் ஒட்டிய சோதனைப் பெட்டி ஜன்னலோரம் இருக்கும்போது ஆன்டெனா ஏன் எதிர்ச்சுவரைக் காட்டுகிறது? எனக்குத் தெரியவில்லை.

கிடங்கில் காணாமல் போகும் சரக்கை, அதில் ஒட்டிய ரேடியோ டேகை வைத்துத் தேடுவதுதான் எங்கள் திட்டம். அது தொடருமா என்று முடிவு செய்யும் அதிகாரி நாளை வருகிறார்.

"அது காட்ற எடத்துலயே பொட்டிய வெச்சிட்டா இன்னா மேடம்? அதுவும் குஷி, அவரும் குஷி" என்றார் டெக்னீஷியன் லத்தீப். சிரித்தேன். வேண்டாம் என்று சொல்லத்தான் சற்று நேரமாயிற்று.

இன்றிரவு லேபிலேயே படுத்திருக்கிறேன். ஜன்னல் வழியே கடல்காற்று வருகிறது. மேசைமேல் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்யும் எட்டு ஆன்டெனாக்களும் அசையாமல் நிற்க, மின்சாரம் அவற்றின் பார்வையை மட்டும் திருப்புகிறது, தலையைத் திருப்பாமல் கண்ணை ஓட்டுவதுபோல. அந்தப் பார்வை இப்போது இந்த இருட்டையும் கொசுவலையையும் தடவி, என்மேல் நிற்காமல் கடந்து போகிறதோ என்று…

புதன்

காலையில் எதிர்ச்சுவரோரம் இருந்த இரும்பு பீரோவை வெளியே தள்ளச் சொன்னேன். ரேடியோ அலை அதில் பட்டுத் திரும்பியிருக்கிறது. பிறகு ஆன்டெனா பெட்டியைச் சரியாகக் காட்டியது. வராந்தாவில் பீரோ எதற்கு என்று அதிகாரி கேட்டார். சொன்னேன்.

"கோடௌன் முழுக்க இரும்புதானே மேடம்?"

ஆமாம் என்றேன். திட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்.