கதிர் சேர்த்த இரும்புக் குழாய்

என் அன்பு விஜயாவுக்கு,

உன் நினைவு நாளுக்குப் போட்டோ போட்டு நாலு வரி எழுதித் தரச் சொன்னார் அச்சகத்துக்காரர். நாலு வரியில நிக்கிற ஆளா நான்?

முதல்ல என் மானக்கேட்டைச் சொல்லிடறேன். நம்ம கதிருக்குப் பொண்ணு குடுக்க வந்தவங்க, "தம்பி மஸ்கட்டுல என்ன வேலை பாக்குறாருங்க?"ன்னு கேட்டாங்க. வாயால சொன்னா போதாதா? மோட்டாரோட பிளாஸ்டிக் பைப்புல ஒரு முனையை அடுப்புல காட்டி இளக்கி, இன்னொண்ணை உள்ள சொருகி, "இதையேதாங்க இரும்புல பண்றான்"னு சுவிட்சைப் போட்டேன். ஒட்டு பிச்சிக்கிட்டு, பொண்ணோட அப்பா சட்டையெல்லாம் தண்ணி.

"மாப்ள இதைவிட நல்லா ஒட்டுவாருங்களா?"ன்னார் துடைச்சிக்கிட்டே. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சிக்கிட்டே போய் சுவிட்சை அணைச்சேன்.

எண்ணெய்க் கிணத்துல இறக்குற இரும்புக் குழாயை மரை போட்டு முறுக்கி இணைப்பாங்களாம், இல்லன்னா ராடு வெச்சு வெல்டிங் பண்ணுவாங்களாம். இப்ப புதுசா ஒரு மெஷின் வந்திருக்குது. ரெண்டு முனையையும் பழுக்கக் காய்ச்சி, காத்துப் படாம ஏதோ ஒரு வாயுவைச் சுத்தி விட்டு, ஒரே அமுக்கு. ரெண்டும் ஒண்ணாயிடுமாம். அந்த மெஷினை ஓட்டுறது நம்ம புள்ள. நாளைக்குக் காலையில அவன் சேர்த்த குழாய்க்குள்ள தண்ணியை அழுத்தி ஏத்திச் சோதிக்கிறாங்க. தாங்கினா கிணத்துல இறங்கும். தாங்காட்டி மெஷினையும் இவனையும் சேர்த்து அனுப்பிடுவாங்களாம்.

எனக்கு ஒட்டுன்னாலே பயம், உனக்குத் தெரியாததா? பீங்கான் கம்பெனியில கப்புக்குக் கைப்பிடி ஒட்டியே காலம் போச்சு. சூளைக்குள்ள போறவரைக்கும் எல்லா ஒட்டும் நல்ல ஒட்டுதான். வெந்து வெளிய வந்தப்புறம்தானே விரிசல் தெரியும்?

அதனால நேத்து போன்ல, "ஆறினதும் விரலால சுண்டிப் பாருடா. நல்ல ஒட்டுன்னா கிணுகிணுன்னு கேக்கும்"னேன்.

"யப்பா, இது கப்பு இல்லப்பா!" அப்புறம் பாவம்னு நெனச்சானோ என்னவோ, "நாங்களும் சத்தம் அனுப்பித்தான் பாக்குறோம். நமக்குக் கேக்காது, மெஷினுக்குத்தான் கேக்கும். இதுவரைக்கும் நல்லாத்தான் இருக்குது"ன்னான்.

நமக்குக் கேக்காத சத்தத்தை நான் எப்படி நம்புறது, சொல்லு?

கவலைப்படறது நம்ம வூட்டுல உன் இலாகா. பேப்பர் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டு, "எல்லாம் சரியாயிடும்"ங்கிறதுதான் என்னுது. இப்ப ரெண்டையும் நானே பாக்குறேன். ரெண்டுலயும் ஃபெயிலு.

நாளைக்குச் சேதி வந்ததும் நேரா உன் போட்டோ முன்னாடி வந்து நிப்பேன். நல்லதோ கெட்டதோ, உங்கிட்ட மறைக்க மாட்டேன்.

நேத்து போனை வைக்கப் போறப்ப, "சோதிக்கும்போது நீ எங்கடா நிப்ப?"ன்னு கேட்டேன்.

"தடுப்புக்குப் பின்னாடிதான்பா. நான் சேர்த்த குழா, நானே பக்கத்துல இல்லைன்னா எப்படி? போனை வெச்சிரட்டுமா?"

"சாப்ட்டியா?"ன்னேன்.

ஒட்டு உட்டா உட்டுட்டுப் போவுது, நீ இன்னும் தள்ளி நில்லுடா ராசா. அதை மட்டும் அவங்கிட்ட சொல்லல விஜயா.

இப்படிக்கு,
கதிரோட அப்பன், உன் வூட்டுக்காரன்