ஒரு ஊசியா, குழாயா

14, திங்கள்
விடாத மழை. புசல்லாவையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு முதல் பஸ். துவாய், பிளாஸ்க், அவளது அடையாள அட்டை.

என் மனைவி புஷ்பாவின் வலது கை தேயிலை ஃபெக்டரி ரோலரில் சிக்கி இன்றோடு ஒன்பது நாள். சீழ் பிடித்துவிட்டது. முழங்கைக்கு மேலே வெட்டி எடுக்க வேண்டுமாம். நாளைக்கு.

மயக்க மருந்து டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கழுத்தடியில ஒரு ஊசி போட்டா கை விறைக்கும். புதன்கிழமை விடிய அது விட்டிடும், பேந்து நோகும். இல்லாட்டி மெல்லிய குழாய் வைக்கலாம். மூண்டு நாலு நாள் மருந்து போய்க்கொண்டிருக்கும். நானெண்டா குழாயைத்தான் சொல்லுவன்."

"அத்தன நாளும் இங்கயே இருக்கணுமா?" கேட்டது நான். "வியாழக்கிழம நான் வேலைக்குப் போகணுமே. லீவு இல்ல."

புஷ்பா என்னைப் பார்த்தாள். "ஒரு ஊசியே போதுங்க டாக்டர்."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"போதும்."

நான் பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

15, செவ்வாய்
ஒப்பரேஷன் முடிந்தது. வலி இல்லையாம். அரைக் கப் கஞ்சி. மகளுடன் போனில் சிரித்துப் பேசினாள். நல்ல முடிவுதான் என்று நினைத்தேன். நினைத்தேனே.

16, புதன்
காலை ஆறு மணி. வாட்டு வாசலிலேயே அவள் குரல். ஊசி விட்டுவிட்டது.

"விரலெல்லாம் எரியுதுங்க. மடங்கியே கெடக்கு, கொஞ்சம் நிமித்தி விடுங்க."

எந்த விரலை? கட்டுக்குக் கீழே வெறும் விரிப்பு. அந்த விரிப்பைத் தடவிக்கொடுத்தேன். மாத்திரை, பிறகு வேறு ஊசி. அடங்கவில்லை. உதட்டைக் கடித்து ரத்தம்.

டாக்டர் வந்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "இப்பவும் குழாய் வைக்கலாம். வைக்கட்டோ?"

"வைங்க டாக்டர். எத்தன நாளானாலும்" என்றேன்.

பத்தரைக்கு அடங்கித் தூங்கினாள். வெளியே வந்து ஆபீஸுக்குப் போன் போட்டேன். "ஒரு வாரம் எடுங்க தம்பி, இதுக்கென்ன" என்றார் பெரிய கிளார்க். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

18, வெள்ளி
மழை இல்லை. வலியும் இல்லை. கேட்டுவிட்டேன். "ஏன் அன்னைக்கு ஒரு ஊசி போதும்னு சொன்ன?"

"நீங்க லீவு இல்லன்னீங்களே." கோபமே இல்லாத குரல்.

மத்தியானம் தலை பின்னிவிடச் சொன்னாள். எனக்குத் தெரியாது. மூன்று தரம் பின்னினேன், மூன்று தரமும் அவிழ்ந்தது.

"விடுங்க. வீட்டுக்குப் போனதும் வெட்டிருவோம்."

இடுப்பு வரை முடி. நாலாவது தரம் மூன்றாகப் பிரித்தேன்.