மணி மேல் வைத்த கை

18 டிசம்பர் 2019

காலையில் மாட்டுத் தொழுவில் எங்கள் பங்காளி வகையறா முழுக்கக் கூடியது. ஊராட்சித் தலைவர் பதவிக்கு எங்கள் மேலத்தொழு வகையறா சார்பில் என் மனைவி அனுசுயா நிற்கிறாள். எதிரே கீழத்தொழு வகையறாவின் கருத்தம்மாள் — என் தங்கை ஹேமாவதியின் மாமியார்.

பெண் கொடுத்த வீடுகள் வழியாக ஓட்டு கைமாறிவிடும் என்று எல்லோருக்கும் பயம். அதற்கு வழி சொன்னவன் நான்தான். மந்தையின் முன்மாட்டுக் கழுத்து மணியைக் கழற்றி நடுவில் வைத்து, ஆளாளுக்கு அதன்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தோம். கீழத்தொழு வாசலை மிதிக்க மாட்டோம், அவர்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டோம். வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்ததும் நான். வகையறாவுக்கு மூத்தவரான ஒச்சாண்டிப் பெரியப்பா என் முதுகில் தட்டினார். பெருமையாகத்தான் இருந்தது.

2 ஜனவரி 2020

பதினோரு ஓட்டில் ஜெயித்தோம்! ஊர்வலம் தங்கை வீட்டைக் கடந்தபோது வேட்டுகளை அங்கேயே போடச் சொன்னேன்.

9 பிப்ரவரி

தங்கை மகள் பவானி பெரிய மனுஷி ஆகிவிட்டாள். தங்கையே போனில் சொன்னாள். "பதினாறாம் நாள் சடங்குண்ணே. தாய்மாமன் சீரு இல்லாம எம்புள்ளைய எப்பிடி மணையில உக்கார வைக்க?" வேட்டு போட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

10 பிப்ரவரி

எலெக்சன்தான் முடிந்துவிட்டதே என்று பெரியப்பாவிடம் கேட்டுப் பார்த்தேன்.

"எலெக்சன் முடியிற வரைக்கும்னு நீ சொல்லலையேப்பா. மணி மேல கை வச்சது வச்சதுதான்."

ஒரு வார்த்தை. அதைச் சேர்க்க என் புத்தி எங்கே போயிருந்தது?

23 பிப்ரவரி

அனுசுயா பட்டுப்பாவாடை, வளையல், பழம் எல்லாம் தட்டில் அடுக்கிவிட்டாள். "நானுந்தான் மணியில கை வச்சேன். வர்ற பாவத்தச் சேந்தே சொமப்போம், வாங்க. பெரியப்பா ஏசுவாகன்னு பயந்தா புள்ள மொகத்தப் பாக்க வேண்டாமா?" மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

24 பிப்ரவரி

போகவில்லை.

25 பிப்ரவரி

மாமன் உட்காரப் பாய் விரித்து மத்தியானம் வரை காத்திருந்தார்களாம். ஏலே, நீயெல்லாம் ஒரு அண்ணனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பாவாடை தட்டிலேயே கிடக்கிறது.

6 ஜனவரி 2025

நேற்றோடு அனுசுயாவின் பதவி முடிந்தது. சத்தியம் முடியவில்லை. போன மாதம் பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். இனி யாரிடம் கேட்பது?

14 ஜனவரி

மேய்ச்சல் முடிந்து மலையிறங்கும்போது தங்கை வீட்டுச் செவலை மாடு எங்கள் மாடுகளோடு கலந்து வந்துவிட்டது. அவள் கல்யாணத்தில் நான் சீதனமாகக் கொடுத்த பசுவின் வழி வந்தது. ஓட்டிப்போக அவளே வந்தாள். தலை நரைத்திருக்கிறது.

அனுசுயா செம்பில் தண்ணீரோடு ஓடினாள். ஹேமாவதி வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"வாசல்ல நிக்கிறியே ஆத்தா. உள்ள வா" என்றேன்.

"இருக்கட்டும்ணே. பழகிருச்சு."

செவலை தொட்டியில் குடித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.